பக்கத்து விரல்

அய்யர் இன்னும் படகில் ஏறவில்லை. கரையிலேயே நின்றுகொண்டு கடலின் அகலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். சபைக் குருவானவரை அந்தப் பக்கத்தில் அய்யர் என்றுதான் சொல்வார்கள். இந்த அய்யருக்குப் பிரசங்கம் என்றால் முதலில் ஊர், பிறகு தண்ணீர், அதற்கும் பிறகுதான் ஆள். அவர் படகில் ஏறி, காற்று கிளம்பி, அலை உள்ளே விழுந்து, படகில் தூங்குகிற கர்த்தரைச் சீடர்கள் தட்டி எழுப்பி, அவர் எழுந்து கடலை அதட்டி, கடல் அடங்கி, ஆமென் வருகிற வரைக்கும் யூனிஸுக்கு நேரம் இருந்தது. ஆமெனுக்குப் பிறகு இல்லை. ஆமென் சொன்ன கையோடு ஒரு பாட்டு. அதை அவள் கீபோர்டில் வாசிக்க வேண்டும். வாசிக்க வேண்டிய வலது கை, மடியில், சேலைத் தலைப்புக்கு அடியில் கிடந்தது. கட்டைவிரல் நல்ல பிள்ளை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒரு குறை சொல்ல முடியாது. மோதிர விரலும் சுண்டு விரலும்தான் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, எதையோ திருடிவிட்டு வந்து தூங்குகிற மாதிரி நடிக்கிற இரண்டு பேரைப் போலப் படுத்திருந்தன. அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் அதுகளுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு எண்ணம். விரலுக்கு என்ன தெரியும், தெரிவதெல்லாம் மேலே அல்லவா, என்று உடனே தன்னைத் திருத்திக்கொண்டாள். மேலே என்றால் மண்டைக்குள். மதுரை டாக்டர் அப்படித்தான் சொன்னாள். விரல்ல ஒன்னும் இல்லம்மா, விரல் சுத்தமா இருக்கு.

முன்னால் இருந்த கீபோர்டின் ஓரத்தில் ஒரு பென்டிரைவ் சொருகியிருந்தது. நீல நிறம், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. அதற்குள் சபையில் பாடுகிற பாட்டெல்லாம் இருந்தது, நான்கு குரலுக்கும் உரிய சுரம் பிசகாமல், யாரோ சென்னையில் உட்கார்ந்து வாசித்தது. பக்கத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் போதும். ஆராதனைக்கு மணி அடிப்பதற்கு முன்னால் சபைச் செயலாளர் துரைசிங் அண்ணாச்சி அவளைக் கோயில் பின்வாசலில் நிறுத்தி வைத்து அதை விளக்கினார். "யூனிஸம்மா, வருத்தப்படக் கூடாது. உங்களை யாரும் போகச் சொல்லலை. நீங்க அந்த ஸ்டூல்லயே இருங்க. பொத்தானை அமுக்குங்க. கைய மேலாப்புல வச்சு அசைச்சுக்கிட்டு இருங்க. யாருக்குத் தெரியப் போவுது?" "எனக்குத் தெரியுமே அண்ணாச்சி." "உங்களுக்குத் தெரிஞ்சா என்னம்மா? சபைக்குத் தெரியாம இருந்தாப் போதும்லா." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "போன கிறிஸ்மஸுக்கு ஆனது ஆச்சு. இன்னைக்குப் பிரசங்கத்துக்கு அப்புறம் உள்ள பாட்டை நீங்களே வாசிங்க. அய்யருக்காகத்தான் இதையும் சம்மதிச்சிருக்கேன். சறுக்குச்சுன்னா பொத்தான். நான் முன் பெஞ்சுலதான் இருப்பேன், கையக் காட்டுவேன். ஆராதனை முடிஞ்ச உடனே கமிட்டி உக்காருது. அதுக்கப்புறம் அண்ணாச்சி என்னைக் கைவிட்டுட்டாருன்னு சொல்லக் கூடாது." அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்ட மனிதராக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

அசைச்சுக்கிட்டு இருங்க. மற்றதெல்லாம் வடிந்துபோய் இந்தச் சொல் மட்டும் சேலையில் ஒட்டிய நாயுருவி மாதிரி கூடவே வந்துவிட்டது. அசைத்துக்கொண்டு இருப்பது. பஞ்சு மிட்டாய் விற்கிறவன் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் ஒரு பொம்மை வைத்திருப்பான், அது இரண்டு கையையும் தட்டிக்கொண்டே இருக்கும், சத்தம் வராது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இந்த ஸ்டூலில் உட்காருகிறாள். முதலில் கால் மிதிக்கிற ஆர்கன், அதை எலி கடித்தபிறகு ஒரு சின்ன கீபோர்டு, இப்போது இது. எத்தனை கல்யாணம், எத்தனை அடக்க ஆராதனை. தன் அப்பாவின் அடக்க ஆராதனைக்கும் அவள்தான் வாசித்தாள், கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை, அழுகை தாடை வழியாகச் சொட்டிக் கறுப்புக் கட்டையில் விழுந்தது, அந்தக் கட்டை வழுக்கியும் விரல் தப்பவில்லை. அந்த விரல்தான் இது. இதே சுண்டு விரல். காற்று இப்போதுதான் லேசாக எழும்புகிறது என்றார் அய்யர். ஏறிவிட்டாரா? எப்போது ஏறினார்? அவள் திடுக்கிட்டாள். இவ்வளவு சீக்கிரம் காற்று வரக் கூடாது. சீடர்கள் இன்னும் வலையைப் பற்றி ஏதாவது பேசியிருக்கலாமே.

முதலில் அது ஒரு தயக்கமாகத்தான் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு பாட்டில் மோதிர விரல் அமுக்கியதும் சுண்டு விரலும் கூடவே இறங்கியது. கூப்பிடாமல் வந்த விருந்தாளி. மறுவாரம் சுண்டு விரலை அமுக்கப் போனால் மோதிர விரல் சுருண்டு உள்ளங்கைக்குள் போனது. வலி இல்லை. மரத்துப்போகவும் இல்லை. வெங்காயம் நறுக்கும்போது வரவில்லை. மின்வாரிய அலுவலகத்தில் நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறாள், அங்கே வரவில்லை. சேலைக்கு மடிப்பு வைக்கும்போது வரவில்லை. கீபோர்டுக் கட்டைகளின் மேல் கையை வைத்தால் மட்டும் வந்தது. அதைத்தான் யாராலும் பொறுக்க முடியவில்லை. கை உடைந்திருந்தால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்திருப்பார்கள். அண்ணன் மனைவி எமிலி மைனி ஜெபக் கூட்டத்தில் வைத்து நேராகவே கேட்டாள். "ஏட்டி, டைப் அடிக்க வருது, கறிக்கு அரைக்க வருது, கர்த்தருக்கு வாசிக்க மட்டும் வரலைன்னா என்ன அர்த்தம்? மனசுல என்ன கெடக்குன்னு பாரு." அங்கே இருந்த பெண்கள் அதற்கு ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. யூனிஸும் பார்த்தாள். மனசைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தாள். மைனி மேல் இருந்த எரிச்சலைத் தவிர அங்கே பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அது வியாதிக்குப் பிறகு வந்த எரிச்சல்.

வில்சன்தான் வழி கண்டுபிடித்தார். அவளுடைய வீட்டுக்காரர். இப்போது பாடகர் வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருந்தார், அடிக்குரல் பாடுகிறவர், பிரசங்கத்தில் தூங்குகிறவர். வாலிப வயதில் மின்வாரிய வாலிபால் அணியில் ஆடியவர். பந்து பட்டு விரல் சுளுக்கினால் பக்கத்து விரலோடு சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றிவிடுவார்கள், நல்ல விரல் கெட்ட விரலைத் தாங்கிக்கொள்ளும், அடுத்த செட் ஆடலாம். "இதுக்குப் போயா கவலைப்படுத? கையக் கொண்டா." ஒவ்வொரு நாளும் காலையில் அலுவலகம் போகும் முன் சாதகம் செய்ய உட்காரும்போது, இரண்டு விரலையும் சேர்த்து, நுனி மட்டும் வெளியே தெரிய, அவ்வளவு அழகாகச் சுற்றிவிடுவார். சுற்றி முடித்து ஒரு தட்டுத் தட்டுவார். "போ, சர்வீஸ் போடு." முதல் வாரம் நன்றாக இருந்த மாதிரி இருந்தது. விரல் சுருளவில்லை, சுருள இடமில்லை. அவளும் சாதகத்தைக் கூட்டினாள். விடிகாலையில் எழுந்து, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒட்டின விரல்களோடு அதே வரியைத் திரும்பத் திரும்ப. கட்டிப்போட்டு ஓட்டினாள். அவிழ்த்த அன்றைக்குத்தான் கிறிஸ்மஸ் ஆராதனை. இல்லை, அதை இப்போது நினைக்கக் கூடாது. காற்றைக் கவனி. அய்யர் கையை இடமும் வலமும் ஆட்டிக் காற்றைக் காட்டிக்கொண்டிருந்தார்.

மதுரையில் டாக்டர் நூர்ஜகான் பிளாஸ்திரிக் கதையை முழுசாகக் கேட்டாள். வில்சன் பெருமையாகத்தான் சொன்னார், பாவம், எப்படிச் சுற்றுவேன் என்று தன் விரலிலேயே காட்டினார். டாக்டர் சின்னப் பெண். மேஜையிலிருந்து ஒரு கருவியை எடுத்தாள். கணக்குப் பெட்டிக் கவராயம் மாதிரி, இரண்டு முனை, மழுங்கல். "கண்ணை மூடிக்கங்கம்மா. நான் ஒரு முனையால தொடுவேன், இல்லைன்னா ரெண்டு முனையால தொடுவேன். ஒன்னா ரெண்டான்னு மட்டும் சொல்லுங்க." இடது கையில் எல்லாம் சரியாகச் சொன்னாள். விளையாட்டு மாதிரி இருந்தது. வலது கை மோதிர விரலுக்கு வந்தது. ஒன்னு. ஒன்னு. ஒன்னு டாக்டர். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." ஒன்னேதான். "கண்ணைத் திறந்து பாருங்க." இரண்டு முனைகள் விரல் நுனியில் நின்றுகொண்டிருந்தன, நடுவில் ஒரு அரிசி படுக்கிற அளவுக்கு இடம் விட்டு. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் ரெண்டு என்றது, விரல் ஒன்று என்றது. அந்த இடத்தில்தான் முதல்முறையாகப் பயந்தாள். கிறிஸ்மஸ் அன்றைக்குக்கூட அவமானம்தான், பயம் இல்லை. இத்தனை நாளும் இந்த விரலை நம்பி எதையெல்லாம் ஒன்று என்று நினைத்திருக்கிறேன்? பிறகு டாக்டர் ஒரு தூரிகையால் சுண்டு விரலைத் தடவி எந்த விரல் என்று கேட்டாள். யூனிஸ் மோதிர விரல் என்றாள், அவ்வளவு உறுதியாக.

"மூளையில தொடுறதைத் தெரிஞ்சுக்கறதுக்குன்னு ஒரு பட்டை இருக்கும்மா. உடம்போட படம் அங்க இருக்கு. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு இடம், வரிசையா, வீட்டுக்கு வீடு ஒட்டின தெரு மாதிரி. விரல்ல ஏதாவது பட்டா அந்த வீட்டு நரம்பணுக்கள் கூவும். கூவும்போதே அதுக இன்னொரு வேலையும் செய்யும். வாய்ல விரல் வைக்கிற அணுக்கள்னு கொஞ்சம் இருக்கு, அதுகளையும் உசுப்பிவிடும். அதுக போயி அக்கம்பக்கத்து வீட்டை எல்லாம் உஷ்னு அடக்கும். அஞ்சுல ஒரு பங்குதான் அந்த மாதிரி அணு. ஆனா அதுக இல்லைன்னா எது எங்க படுதுன்னே தெரியாது. உங்களுக்கு அந்த உஷ் பலம் குறைஞ்சு போச்சு. மோதிர விரல் கூவினா சுண்டு விரல் வீடும் சேர்ந்து கூவுது. ரெண்டு வீட்டுக்கு நடுவுல சுவர் கரைஞ்ச மாதிரி." யூனிஸ் கேட்டாள், "அப்போ இந்தப் பிளாஸ்திரி?" டாக்டர் வில்சனைப் பார்க்காமல் சொன்னாள். "எப்பவும் சேர்ந்தே தொட்டா, மூளை அது ரெண்டையும் ஒன்னுன்னு படிச்சுக்கும். அது கெட்டது செய்யலைம்மா. சொல்லிக் கொடுத்ததைக் கத்துக்கிச்சு." திரும்பி வருகிற பஸ்ஸில் வில்சன் கோவில்பட்டி வரைக்கும் தன் விரலையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "நான்தான் சுவத்த இடிச்சிட்டேன்," என்றார். "பேசாம வாங்க," என்றாள். கடலைமிட்டாய் வாங்கி ஆளுக்குப் பாதி தின்றார்கள். அதில் ஒரு துண்டு பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தது. கோபப்பட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றியது. கோபப்படாததும் ஒரு பிளாஸ்திரிதான்.

மேலே மின்விசிறி சுற்றும்போது டக் டக் என்று ஒரு சத்தம். அது ஆராதனை தொடங்கியதிலிருந்தே இருக்க வேண்டும். இப்போதுதான் காதில் விழுந்தது. விழுந்த பிறகு வேறு எதுவும் விழவில்லை, அய்யருடைய உதடு மட்டும் அசைந்தது, டக் டக் டக். இதுவும் அதேதான் என்று நினைத்தாள். மூக்கின் மேல் கண்ணாடி இருக்கிறது, நினைக்கிற வரை இல்லை. மணிக்கட்டில் கடிகாரப் பட்டை, ரவிக்கையின் கைத் தையல், காலுக்குக் கீழே குளிர்ந்த தரை, ஒவ்வொன்றாக அவள் கூப்பிடக் கூப்பிட அவை எழுந்து நின்றன. யாரோ உள்ளே இருந்துகொண்டு இத்தனையையும் உஷ் உஷ் என்று உட்கார வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் ஒரு மனுஷி கண்ணாடியையும் தையலையும் விசிறியையும் கேட்டே செத்துப்போவாள். டாக்டர் முதலில் ஒரு மாத்திரை கொடுத்திருந்தாள், அந்த உஷ்ஷைக் கூட்டுகிற மாத்திரை. கூட்டியது உண்மைதான். ஆனால் அதற்கு எந்த வீடு என்று தெரியவில்லை. தெரு முழுக்க அடக்கிவிட்டது. விரல் சுருளவில்லை, சுருள வேண்டும் என்ற ஆசைகூட இல்லை. குழம்பில் உப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. அலுவலகத்தில் தட்டச்சுப் பலகையின் மேல் தலை சாய்ந்தது. வில்சன் ஏதோ நகைச்சுவை சொன்னார், எங்கே சிரிக்க வேண்டும் என்று கண்டுபிடித்துச் சிரித்தாள். அடுத்த முறை போனபோது டாக்டரிடம் சொன்னாள், "எனக்கு இது வேண்டாம். எனக்கு அடங்கணும்னு ஆசை இல்லை. பக்கத்து விரல் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கிட்டாப் போதும்." டாக்டர் சிரித்துவிட்டாள். "அதைத்தான்மா மாத்திரைக்குச் சொல்லத் தெரியலை." மாத்திரையை மெதுவாகக் குறைத்து நிறுத்தியது டாக்டர்தான். வேறு வழி உண்டு, ஆனால் நாளாகும், சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன் என்றாள்.

அலை படகுக்குள் விழத் தொடங்கியது. அய்யர் குரலை உயர்த்தியதும் முன் வரிசையில் ஒரு கைக்குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அதன் அம்மா வாயில் விரல் வைத்தாள். யூனிஸின் சுண்டு விரல் ஒரு துடி துடித்தது. வேண்டாம், இப்போது வேண்டாம். ஆனால் அது வந்துவிட்டது, கிறிஸ்மஸ் இரவில்லை, காலை, கோயில் கொள்ளாத கூட்டம், வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள், புதுத்துணி வாசனை, முதல் பாட்டு. மேலே ஏறுகிற வரியில், எல்லாரும் மூச்சை இழுத்துக்கொண்டு ஏறுகிற அந்த இடத்தில், இரண்டு விரலும் சேர்ந்து விழுந்தன. இரண்டு கட்டையும் அடுத்தடுத்த சுரம். அந்தச் சத்தம். கதவிடுக்கில் வால் மாட்டிக்கொண்ட பூனை. சரி செய்ய மறுபடி அமுக்கினாள், மறுபடி அதே. ஒருத்தி திரும்பினாள். பிறகு பெஞ்சு பெஞ்சாகத் திரும்பினார்கள். பாட்டு தடுமாறி, பாதிப் பேர் நின்று, பாதிப் பேர் பாடி, அண்ணாச்சி எழுந்து கையைத் தட்டித் தாளம் போட்டு மீட்டார். அவளுடைய கை கட்டைகளின் மேல் நண்டு மாதிரி சுருண்டு கிடந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். சேலைத் தலைப்பால் மூடினாள். அன்றைக்கு மூடியதுதான், இதோ இன்றைக்கும் மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். எதற்கு?

எதற்கு மூட வேண்டும், என்று மறுபடி கேட்டாள். இந்தக் கேள்வி புதியதாக இருந்தது. தலைப்பை விலக்கினாள். கை வெளிச்சத்தில் கிடந்தது, சாதாரணக் கை, பச்சை நரம்பு, கல்யாண மோதிரம் இறங்காத விரல் மூட்டு. கண்ணாடிச் சன்னலின் மஞ்சள் வெளிச்சம் ஒரு கீற்று அதன் மேல் விழுந்தது. டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி மாதக் கணக்கில் இந்தக் கைக்கு அவள் பாலர் வகுப்பு நடத்தியிருக்கிறாள். மற்ற விரல்களை மரத்தகட்டில் கட்டிவிட்டு ஒரே ஒரு விரலை மட்டும் அசைக்கிறது, அதுவும் ஆமை வேகத்தில். கண்ணை மூடிக்கொண்டு வில்சன் நீட்டுகிறதைத் தடவிச் சொல்கிறது. அவர் ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்தார், புளியங்கொட்டை, உப்புத்தாள், வெல்வெட்டுத் துண்டு, கிழிந்த வாலிபால் தோல். "மோதிர விரலுக்கு உப்புத்தாள், சுண்டு விரலுக்கு வெல்வெட்டு. இப்போ ஒன்னா ரெண்டா?" தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் இதுதான். ஒருநாள் ரெண்டு என்றாள். அவர் வெல்வெட்டைப் போட்டுவிட்டு எழுந்து நின்று, செட்டை ஜெயித்தவர் மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கினார். அதுவரைக்கும் அவளுக்குத் தெரியாது, இரண்டு பொருளும் இரண்டு விதமாக இருந்தால் விரல் தன்னைக் கண்டுகொள்கிறது என்று. ஒரே மாதிரி வழுக்குகிற பிளாஸ்டிக் கட்டைகளில்தான் அதுக ஒன்றையொன்று தொலைத்துவிடுகின்றன. வீட்டில் வாசித்தால் பத்துத் தடவைக்கு ஏழெட்டுத் தடவை சரியாக வருகிறது. கிறிஸ்மஸுக்குப் பிறகு கோயிலில் இன்னும் வாசித்துப் பார்க்கவில்லை. இன்றைக்குத்தான்.

படகில் எல்லாரும் அலறினார்கள். பாடகர் வரிசையில் வில்சனின் தலை சரியாக அந்த இடத்தில் முன்னால் தொங்கியது. புயலில் தூங்குகிறவர். அய்யர் இப்போது தூங்குகிறவரைப் பற்றித்தான் உருகிக்கொண்டிருந்தார், எவ்வளவு சமாதானமான தூக்கம். பிறகு எழுந்தார், கடலை அதட்டினார், கடல் அடங்கியது. "பார்த்தீர்களா, அடங்கியது," என்றார் அய்யர். "நம்முடைய வாழ்விலும் எல்லாம் அடங்க வேண்டும்." யூனிஸ் அவரிடம் மனசுக்குள் சண்டைக்குப் போனாள். எல்லாம் ஏன் அய்யரே அடங்க வேண்டும்? எல்லாம் அடங்கினால் அந்த மாத்திரை அல்லவா. சின்ன வயதிலிருந்து கேட்டது இந்த ஒன்றைத்தான். பொம்பளைப் பிள்ளை சத்தமாச் சிரிக்காத. மாமியார் முன்னால் பேசாத. இப்போது, யூனிஸம்மா நீங்க அந்த ஸ்டூல்லயே சும்மா இருங்க. அவர்களும் வாயில் விரல் வைக்கிறவர்கள்தான், ஆனால் யாருக்கு வழி விடுவதற்காக வைக்கிறார்கள்? ஒருவர் பாடட்டும் என்று இன்னொருவர் வாயை மூடுவது ஒன்று. யாரும் வாசிக்க வேண்டாம், சென்னையில் ஒருத்தன் ஏற்கெனவே வாசித்துவிட்டான் என்று எல்லார் வாயையும் மூடுவது வேறொன்று. இரண்டும் வெளியே பார்த்தால் ஒரே உஷ்தான். தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். அவள் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தாள். அண்ணாச்சி முன் பெஞ்சில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வேர்த்தது. அவருக்கும் கமிட்டி இருந்தது.

கைப்பையைத் திறந்தாள். உள்ளே கண்ணாடிக் கூடு, பெப்பர்மின்ட், வில்சனின் பிளாஸ்திரிச் சுருள். அது ஏன் இன்னும் பையில் இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது, ஒரு பயத்துக்குப் போட்டு வைத்ததாக இருக்கும், கடைசி நேரத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று. சேர்த்துக் கட்டினால் சுருளாது. நிச்சயமாகச் சுருளாது. இரண்டு கட்டை சேர்ந்து அமுங்கும், அதற்கென்ன, பின்வரிசைக்கு அது கேட்குமா? கேட்காது. யாருக்குத் தெரியப் போவுது. அண்ணாச்சியின் குரல் தன் வாயிலேயே வந்ததைக் கேட்டு அவள் விதிர்த்துப்போனாள். பிளாஸ்திரியை இழுத்தாள். கிர்ர் என்று சத்தம் போட்டது, பாடகர் வரிசையில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். ஒரு சின்னத் துண்டைக் கிழித்து, மோதிர விரல் நுனியில் மட்டும், அந்த ஒரு விரல் நுனியில் மட்டும், துணிப்பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றினாள். சுண்டு விரல் வெறும் விரலாகவே இருந்தது. கட்டைவிரலால் இரண்டையும் மாறி மாறித் தடவினாள். சொரசொரப்பு. வழுவழுப்பு. சொரசொரப்பு. வழுவழுப்பு. உனக்கு ஒரு வீடு, உனக்கு ஒரு வீடு. பிறகு இடது கையை நீட்டிப் பென்டிரைவை உருவினாள். அது இவ்வளவு லேசாக வரும் என்று நினைக்கவில்லை. பெப்பர்மின்ட்டுகளுக்கு நடுவில் போட்டுப் பையை மூடினாள். அந்தச் சின்னச் சொடக்கு மின்விசிறிச் சத்தத்தில் அமிழ்ந்தது. இனிமேல் அண்ணாச்சி எவ்வளவு கையைக் காட்டினாலும் அமுக்குவதற்குப் பொத்தான்தான் உண்டு, பாட்டு இல்லை. பயம் கூவியது. கூவட்டும். பயமும் ஒரு வீடு, அது அங்கேயே இருக்கட்டும், இங்கே வர வேண்டாம்.

ஆமென். சபை எழுந்து நின்றது. பெஞ்சுகள் முனகின. வில்சன் கண் விழித்து, எந்தப் பக்கம் என்று பாட்டுப் புத்தகத்தைத் தேடுகிற மாதிரி அவளைத் தேடினார், அவள் விரலில் இருந்த வெள்ளைத் துண்டைப் பார்த்தார், ஒரு கணம் முகம் வெளுத்தது, பிறகு ஒரே விரலில்தான் இருக்கிறது என்று பார்த்தார். அவள் வாசிக்க ஆரம்பித்தாள். மெதுவாக. அந்தச் சபை ஒருநாளும் பாடியிராத மெதுவில். வழக்கமான வேகத்தில் ஓடப் பார்த்தவர்கள் இரண்டு சொல் முன்னால் போய், ஆள் வரவில்லை என்று கண்டு நின்று திரும்பி வந்தார்கள். முதல் வரி போயிற்று. சொரசொரப்பு, வழுவழுப்பு. இரண்டாம் வரி. மேலே ஏறுகிற இடம் வருகிறது, வருகிறது, மூச்சை இழுக்கிறார்கள், மோதிர விரல் அமுக்கியது, தனியாக, சுண்டு விரல் மேலே காத்திருந்தது, பொறுத்துக்கொண்டு காத்திருந்தது, பிறகு தன் முறைக்கு இறங்கியது. மூன்றாம் வரியில் அது சுருண்டது. அவளுக்கு வருவது தெரிந்தது, தெரு முழுக்கக் கூவப்போகிற அந்த அறிகுறி. கிறிஸ்மஸ் அன்றைக்கு மாதிரி அடித்து அமுக்கவில்லை. கையைத் தூக்கிவிட்டாள். வலது கையை முழுசாக, எல்லாரும் பார்க்க, காற்றில். இடது கை கீழே அடிக்குரலைப் பிடித்துக்கொண்டு போயிற்று. ராகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் சபை பாடியது. அவ்வளவு நாளும் அவளுடைய சத்தத்துக்கு அடியில் பாடியவர்கள், அது விலகியதும் தங்கள் குரலைத் தாங்களே கேட்டுக்கொண்டு பாடினார்கள். பின்வரிசையிலிருந்து எமிலி மைனியின் கீச்சுக் குரல் எல்லாருக்கும் மேலே தெரிந்தது, பிசகில்லாமல். அடுத்த வரிக்கு யூனிஸ் கையை இறக்கினாள்.

சரணம் முடிந்தது. அடுத்த சரணத்துக்கு முன் இருக்கிற அந்தச் சின்ன மூச்சில் அண்ணாச்சி கையைக் காட்டினார். ஒரு விரலால் காற்றில் அமுக்கிக் காட்டினார், பொத்தான், பொத்தான். அவள் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், இல்லை என்று, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. கைப்பையைக் காலால் ஸ்டூலுக்கு அடியில் தள்ளினாள். ஆராதனை முடிந்ததும் கமிட்டி உட்காரும். உட்காரட்டும். நின்றுகொண்டு கேட்டுக்கொள்வாள், மேஜையின் மேல் அந்த நீலத் துண்டை வைப்பாள், பக்கத்தில் இந்தக் கையையும் வைப்பாள், மூடாமல். எது வேண்டும் என்று அவர்களே தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். நாளைக்கு என்ன என்று விரலுக்குத் தெரியாது, மேலே இருப்பதற்கும் தெரியாது. இப்போது அடுத்த சரணம். முதல் சரணத்தைவிட இன்னும் கொஞ்சம் மெதுவாகவே எடுத்தாள். மோதிர விரல் போயிற்று, சுண்டு விரல் நின்றது. சுண்டு விரல் போயிற்று, மோதிர விரல் நின்றது. பாடுகிற சபைக்கு நடுவில், யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று, யூனிஸ் வாய்விட்டுச் சொன்னாள்.

"ரெண்டு."